அப்பாவின் இடது கை

ஜூன் 3

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு 26 நாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நடை ஓரளவு திரும்பும் என்கிறார்கள். பேச்சுதான் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. வகுப்பறையில் 30 வருடம் பேசிப் பேசியே வாழ்ந்த மனுஷன். இன்று காலை தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முயன்று, முடியாமல், தம்ளரைத் தட்டிவிட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 5

அம்மா துணி மடித்துக்கொண்டே பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அனுபல்லவியில் வார்த்தை மறந்துபோய் நிறுத்தினாள். அடுத்த வரியைக் கட்டிலில் இருந்து அப்பா பாடினார்.

முழு வரி. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு.

ஓடிப்போய், "அப்பா, இப்ப பாடினதைச் சும்மா சொல்லுங்க" என்றேன். "அது... அது..." என்றார். அவருக்கே ஆச்சரியம். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 6

ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை உருவாக்கும் பகுதி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. பேச்சிழந்த ஒருவரின் மூளையைப் பரிசோதித்து 1861-இல் பாரிஸில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் சுட்டிக்காட்டிய இடம் அது. அப்பாவுக்கு அடிபட்டதும் அந்தப் பக்கம்தான். பாட்டுக்கோ இரண்டு பக்கமும் உழைக்கின்றன. அதனால் இடது பக்கம் அடிபட்டும் பாட்டு தப்பிவிடுவது உண்டாம்.

கூடவே ஒன்று சொன்னார்: "பாட்டு வந்துட்டா பேச்சு வந்துட்டதா நினைச்சுடாதீங்க. மனப்பாடமா இருக்கிற வரி வேற, மனசுல நினைச்சதைச் சொல்றது வேற." நேற்றிலிருந்து துள்ளிக்கொண்டிருந்த எனக்கு இது தேவையாக இருந்தது.

மெட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்குப் போகும் பயிற்சி ஒன்று இருக்கிறதாம். 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவாக்கியது. பேச்சு வராவிட்டாலும் புரிந்துகொள்ளும் திறன் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். அப்பாவுக்கு முயன்று பார்க்கலாம் என்றார்.

ஜூன் 9

பயிற்சி இப்படி. நான் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்கிறேன். "தண்ணி வேணும்." இதற்கு இரண்டே சுரம். 'தண்' மேலே, 'ணி' கீழே, 'வே' மேலே, 'ணும்' கீழே. ஒவ்வோர் அசைக்கும் அவர் கையை மேஜையில் ஒரு தட்டு. முதலில் வார்த்தை இல்லாமல் வெறும் முனகல். அப்புறம் இருவரும் சேர்ந்து வார்த்தையோடு. அப்புறம் பாதியில் நான் நழுவிவிட வேண்டும், அவர் தனியாக முடிக்க வேண்டும். கடைசியில்தான் "என்னப்பா வேணும்?" என்று கேட்பது.

நழுவும் இடம்தான் கஷ்டம். நான் நிறுத்தியதும் அவர் குரலும் நின்றுவிடுகிறது. 11-வது தடவை 'ணும்' தனியாக வந்தது.

ஜூன் 12

இன்று எதுவும் வரவில்லை. அவருக்குக் களைப்பு. எனக்கும்.

ஜூன் 15

நான் செய்த தப்பு. ஃபின்லாந்தில் ஹெல்சிங்கியில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தேன், 2008-இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழு இரண்டு மாதம் தினமும் பாட்டு கேட்டது, ஒரு குழு ஒலிப் புத்தகம் கேட்டது, இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. பாட்டு கேட்டவர்களுக்கு வார்த்தை நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. படித்த வேகத்தில் காலை முதல் ராத்திரி வரை பாட்டைப் போட்டுவிட்டேன். அதில் ஒரு பாட்டு, இறந்துபோன அத்தைக்குப் பிடித்தது. அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏன் அழுகிறேன் என்று சொல்லவும் வழியில்லை.

அந்த ஆய்வில் பாட்டு அவரவர் விருப்பம். நான் அதை விட்டுவிட்டேன். இனி அவர் விரல் காட்டும் பாட்டுதான், அதுவும் ஒரு மணி நேரம். மற்ற நேரம் வீடு அமைதியாக இருக்கட்டும். பாட்டு உள்ளே போய் எதைத் தொடும் என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது.

ஜூன் 19

நடைப் பயிற்சிக்கும் தாளம். பிசியோதெரபிஸ்ட் முதலில் அப்பாவின் இயல்பான வேகத்தை எண்ணினார், நிமிடத்துக்கு 48 அடி. சீராக 'டக் டக்' என்று தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை அதே வேகத்தில் வைத்தார். அடுத்த 'டக்' எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுவதால் கால் அதற்குத் தயாராகிவிடுகிறதாம். இழுத்து இழுத்து வந்த வலது கால் இன்று 'டக்'கோடு சேர்ந்தே தரையில் பட்டது. சத்தத்தை நிறுத்தியதும் மறுபடி இழுத்தது. சரி, நாளைக்கும் இருக்கிறது.

ஜூன் 23

சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் இருந்து ஒரே ஒரு முறைதான் வந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் கோபம். இன்று வாசலில் நின்று சொன்னார்: "வந்து என்னத்தைப் பேசறதுடா? அண்ணன் முகத்தைப் பார்க்க முடியலை."

"பேச வேணாம் சித்தப்பா, பாடுங்க."

சிறுவயதில் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டை ஆரம்பித்தார். அப்பா இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார். சித்தப்பா மூச்சு விடும் இடத்தில் அப்பாவும் மூச்சு விட்டார். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013-இல் சேர்ந்திசை பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்தபோது, மூச்சு ஒன்றாக ஏறி இறங்குவதால் துடிப்பின் வேகமும் சேர்ந்தே ஏறி இறங்கியதைக் கண்டார்கள். கருவி எதுவும் இல்லாமலே அதை இன்று பார்த்தேன் என்று தோன்றியது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. வியாழக்கிழமை மறுபடி வருகிறாராம்.

ஜூன் 30

ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன். பின்னால் குரல்.

"லைட்டை... அணை."

நாங்கள் பயிற்சி செய்யாத வார்த்தைகள். மேல் சுரம் கீழ்ச் சுரம் எதுவும் இல்லை, சாதாரணப் பேச்சு. திரும்பிப் பார்த்தேன். போர்வைமேல் இடது கை விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.

விளக்கை அணைத்தேன்.