ரோஜாப்பூ நாற்காலியும் குலுக்கல் சீட்டும்

பூச்சந்தை ஊரான தோவாளையின் பிள்ளைகளுக்குத் தேவையும் அளிப்பும் என்ற பொருளாதாரப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க நான் யார்? ஓணம் நெருங்கினால் பிச்சிப்பூ விலை என்ன ஆகும் என்று மூன்றாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வராந்தாவில் கதை கேட்க வருகிறவர்களிடம் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு வாரம் சேமிப்பு பற்றிச் சொல்ல நினைத்தேன். அதற்காக வெரா வில்லியம்ஸின் 'எ சேர் ஃபார் மை மதர்' படப்புத்தகத்தை எடுத்தேன். 1982இல் வந்தது. தீயில் வீட்டுச் சாமான்கள் போய்விடுகின்றன. ஹோட்டலில் பரிமாறும் அம்மா, மகள், பாட்டி மூவரும் பெரிய ஜாடியில் சில்லறை சேர்த்து, அது நிறைந்ததும் ரோஜாப்பூ போட்ட மெத்தை நாற்காலி வாங்குகிறார்கள்.

படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜாடி வந்த பக்கத்தில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், இவங்க சீட்டு போட்டிருக்கலாம்லா? எங்க அம்மை அப்படித்தான் கிரைண்டர் வாங்குனா."

சரி, கணக்குப் போட்டோம். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய். தனித்தனியாகச் சேர்த்தால் 5,000 ரூபாய் கிரைண்டர் எல்லாருக்கும் பத்தாம் மாதம்தான். மாதாமாதம் சேரும் மொத்தப் பணத்தையும் குலுக்கலில் பெயர் வருகிறவர் எடுத்துக்கொள்ளும் குலுக்கல் சீட்டில் முதல் மாதமே ஒருத்திக்குக் கிடைத்துவிடும். கடைசி ஆளுக்கும் பத்தாம் மாதத்தைத் தாண்டாது. பொருளாதார அறிஞர்கள் பெஸ்லி, கோட், லௌரி மூவரும் 1993இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரையின் அடிப்படை இதுதான். அதைப் படிக்க நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"அப்போ கடைசி ஆளுக்கு என்ன லாபம்?" என்றான் ஒருவன்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன், "அதுக்குத்தாம்ல ஏலச்சீட்டு. அவசரம் உள்ளவன் மொத்த ரூவாயில கொஞ்சத்தத் தள்ளிட்டு முன்னாடியே எடுப்பான். தள்ளுன ரூவாய எல்லாருக்கும் பங்கு வைப்பாங்க" என்றான். வட்டி என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

அப்புறம் ஒரு குட்டி கேட்டாள்: "மொதல்ல எடுத்தவங்க பொறவு கெட்டாம ஓடிட்டா?"

யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கதை உண்டு. அதை நான் சொல்லவில்லை.

மறுவாரம் கிரைண்டர்காரி படம் வரைந்து கொண்டுவந்தாள். வட்டமாகப் பத்துப் பெண்கள், நடுவில் எவர்சில்வர் கிண்ணத்தில் சுருட்டிய துண்டுச்சீட்டுகள். மூலையில் ஒருத்திக்கு மட்டும் முகம் நீளமாக இருந்தது. யார் என்று கேட்டேன்.

"கடைசி ஆளு, டீச்சர். ஆனா நாற்காலி அவளுக்குத்தான் போட்டிருக்கேன், பாருங்க."

ரோஜாப்பூவுக்குப் பதில் பிச்சிப்பூ.