காப்பி வரும் வரை

ஜூலை 8
தள்ளுபடி. திவாலான கம்பெனியின் தொழிலாளர்களுக்காக, அவர்கள் பி.எஃப். பணத்தைக் கேட்டு நான் போட்ட மனு. ஐந்து மாதம் தீர்ப்புக்காக ரிசர்வில் இருந்தது, ஒரே சொல்லில் முடிந்தது. அப்பீலுக்கு முப்பது நாள். இன்றைய தேதியை விட்டு எண்ணினால் முப்பதாவது நாள் ஆகஸ்ட் 7.

ஜூலை 9
ஆர்டர் காப்பி கேட்டு அப்ளிகேஷன் போட்டாச்சா என்று ஜூனியரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை பாவம், முகம் வாடிப்போனது. போட்டிருந்தாள். சீல் வைத்த ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

ஜூலை 14
தூக்கம் இல்லை. பழைய வழக்கு ஒன்றின் அந்த 47-ஆவது நாள் மறுபடி நினைவில் வந்துவிட்டது.

ஆர்டர் காப்பி இலவசமாகத் தானே வரும், வந்த நாளிலிருந்து கணக்கு என்று நம்பியிருந்தோம். 2021 அக்டோபரில் நாகராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது: ஆர்டரைச் சொன்ன நாளிலிருந்தே கணக்கு, காப்பிக்கு ஆன நாட்கள் கழிய வேண்டுமானால் நாம் கேட்டு மனுப் போட்டிருக்க வேண்டும். 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட என்.சி.எல்.ஏ.டி.யால், அதாவது கம்பெனி வழக்குகளின் அப்பீல் தீர்ப்பாயத்தால், தர முடியாது. நான் 47-ஆவது நாள் போய் நின்றேன். கேஸ் கட்டைப் பிரிக்கவே இல்லை. கட்சிக்காரர் என்னைத் திட்டவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 17
மனுவில் உள்ள தொழிலாளர்களில் பெரியவர் ஒருவர் வந்தார். சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் 'பி.எஃப். பிடித்தம்' கட்டத்தைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். பிடித்திருக்கிறார்கள், கட்டவில்லை.

"வக்கீலம்மா, எங்க கூலியில பிடிச்ச காசு எப்படி கம்பெனி சொத்தாகும்?"

ஆகாது. பி.எஃப். பணம் கலைப்புச் சொத்தில், அதாவது கம்பெனியைக் கலைக்கும்போது விற்றுப் பங்கிடும் சொத்தில், சேராது என்று திவால் சட்டத்தின் 36(4) சொல்கிறது. மனுவில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன், இவ்வளவு நேராக எங்கேயும் சொல்லவில்லை. அப்பீலில் முதல் காரணம் இதுதான்.

பல வருஷம் பாங்குகளுக்காக ஆஜரானவள் நான். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் குழுவில், மீட்புத் திட்டத்துக்கு 66 சதவீத ஓட்டு சேருமா என்பதுதான் அப்போதைய கவலை எல்லாம். அங்கே ஓட்டு இல்லாத தொழிலாளர்கள் எனக்குப் பட்டியலில் ஒரு வரி. ஒருவர் முகமும் நினைவில் இல்லை.

ஜூலை 22
காப்பி வரவில்லை.

ஜூலை 25
வந்தது! 9 முதல் இன்று வரை கழியும். ஆனாலும் அதை நம்பி நாள் கடத்தப்போவதில்லை. எனக்கு ஆகஸ்ட் 7 தான்.

ஜூலை 30
இரவு 11.40. அப்பீல் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 2
ரெஜிஸ்ட்ரியில் டிஃபெக்ட் போட்டிருக்கிறார்கள். பக்கம் 61 மங்கல். ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும். எடுத்துப் பார்த்தால் பெரியவரின் சீட்டு. ஸ்கேனில் வட்டம் மட்டும் தெரிகிறது, உள்ளே தொகை இல்லை. ஒரிஜினல் அவரிடம்.

ஆகஸ்ட் 3
போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4
இன்றும் எடுக்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே போகிறேன்.