தயிரா மோரா

பிளஸ் டூ வேதியியல் லேபில், கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கிற உப்பு ஆய்வு என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர். வெள்ளி நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டு வெள்ளையாக எது வந்தாலும் நோட்டில் குளோரைடு என்று எழுதிவிட்டு, பக்கத்து பெஞ்சுக்காரனுக்குப் பாடம் நடத்தப் போய்விடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான். வெள்ளை வந்தது, அம்மோனியா விட்டதும் கரைந்தது, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. சாரிடம் காட்டினால் தப்பு என்கிறார்! லேப் அட்டெண்டர் அண்ணன் நான் அலசி வைத்திருந்த இன்னொரு டியூப்பில் அதே உப்புக் கரைசலை எடுத்து, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏங் கண்ணு, இது தயிரா மோரா?" என்றார். புத்தகம் சொல்வது தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு, திரித்திரியாகத் திரண்டு அடியில் இறங்கும். என்னுடையது வெறும் தண்ணி மோர். அப்புறம் அவர் குழாய்த் தண்ணியை மட்டும் இன்னொரு டியூப்பில் பிடித்து அதே வெள்ளி நைட்ரேட்டை விட்டார். அங்கேயும் மோர்.

எங்கள் பள்ளிக்கூடம் காங்கேயம் பக்கம், சோப்புகூட நுரைக்காத போர் தண்ணி. அதில் டியூப்பை அலசியவன், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை கழுவச் சோம்பல்பட்டிருக்கிறேன். வெள்ளி குளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும், அதனால் டியூப் சுவரில் ஒட்டியிருந்த நாலு சொட்டு உப்புத்தண்ணியே கலங்கடிக்கப் போதும். அம்மோனியாவில் கரைந்ததும் பொய்யில்லை, அது நிஜமான வெள்ளி குளோரைடுதான், ஆனால் குளோரைடு வந்தது என் உப்பிலிருந்து அல்ல. ஒழுங்காகக் கழுவி, சல்பேட்டைக் காட்டிக்கொடுக்கிற பேரியம் குளோரைடு விட்டேன், கெட்டி வெள்ளை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் அசையவில்லை. கொடுத்திருந்தது ஜிங்க் சல்பேட்.

இப்போது திருப்பூரில் சாயப்பட்டறைத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று சோதிக்கிற வேலை, மறுபடியும் அதே வெள்ளி நைட்ரேட், இந்தத் தடவை சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பியூரெட் குழாயில். பொட்டாசியம் குரோமேட் கலந்து மஞ்சளாக இருக்கும் தண்ணீரில் குளோரைடு இருக்கிற வரைக்கும் வெள்ளைதான் விழும், அது தீர்ந்ததும் குரோமேட் வெள்ளியிடம் சிக்கிக்கொண்டு செங்கல் நிறம் தலைகாட்டும், அந்தச் சொட்டில் கையை நிறுத்த வேண்டும். எதற்கும் முதலில் வடிநீரை மட்டும் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன். வெள்ளி நைட்ரேட் பட்டு விரலில் ஏறிய கறுப்பு ஒரு வாரம் போகாது. தேர்தல் மையிலும் இதே சரக்குதான் என்பதால், டீக்கடையில் ஒருத்தர் விடாமல் கேட்கிறார், "ஏனுங்க, எங்க எலெக்சனுங்க?"