பழைய கேபின் வாங்கும் முன் தகட்டைப் பாருங்கள்

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்காக வாங்கிய பழைய கேபின் (தயாராக வரும், இடம் மாற்றக்கூடிய கட்டடம்) வகுப்பறைக்கு ஒருவழியாக நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டது. இங்கிலாந்தில் இதே யோசனையில் இருக்கும் சங்கத்தார் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிளானிங் அனுமதி சிரமமில்லாமல் கிடைத்தது, ஐந்து வருடத்துக்கு. கேபினை விற்றவர், "தற்காலிகக் கட்டடம்தானே, எரிசக்தி விதி எதுவும் பொருந்தாது, இபிசியும் (எரிசக்திச் செயல்திறன் சான்றிதழ்) வேண்டாம்" என்று அடித்துச் சொன்னார். கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோல் அதிகாரியின் முதல் கேள்வியிலேயே அது தவிடுபொடி. திட்டமிட்ட பயன்பாடு இரண்டு வருடமோ அதற்குள்ளோ இருந்தால்தான் அந்த விலக்கு. ஐந்து வருடம் என்று பிளானிங் படிவத்திலேயே இருக்கிறதே, அப்புறம் எங்கே மாற்றிச் சொல்வது?

தனித்து நிற்கும், வீடல்லாத கட்டடம் 50 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் விலக்கு உண்டு. எங்களுடையது இரண்டு கேபின்களை ஒட்டிச் சேர்த்தது. உள்ளளவே 54 வந்தது. ஒற்றைக் கேபின் போதுமென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி போய்விடும். கமிட்டியில் ஒரு அண்ணா 28 நாள் கணக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அது 28 நாளுக்கு மேல் நிற்காத கட்டடங்களுக்கு. திருவிழாக் கூடாரத்துக்கு உதவும், வகுப்பறைக்கு உதவாது. இன்னொன்று, இரண்டு வருட விலக்கு கிடைத்தாலும் எரிசக்தி விதி மட்டும்தான் விலகும். தீ பாதுகாப்பும் கட்டட உறுதியும் அப்படியே நிற்கும்.

சரி, வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சுவர், கூரை, தரை என வெளி உறையில் 70 சதவீதத்துக்கு மேல் முன்பே தயாரான பாகங்களாக இருந்தால், அவை தயாரான காலத்தைப் பொறுத்துத் தளர்த்திய எரிசக்தி இலக்கு தருவார்கள். ஆனால் தயாரிப்புத் தேதிக்கு ஆதாரம் வேண்டும்: வரிசை எண், பழைய ஆர்டர், வரைபடம், ஏதாவது ஒன்று. விற்றவரிடம் ஒரு தாளும் இல்லை. இதில் யாரைக் கேட்பது என்று கவுன்சிலுக்கு போன் போட்டால், வரவேற்பில் இருந்த அம்மா பிளானிங்குக்கு மாற்றினார், பிளானிங்கில் இருந்தவர் திரும்ப வரவேற்புக்கே மாற்றினார். வரிசை எண்ணும் தயாரித்த வருடமும் பொறித்த தகடு கேபினில் இருக்குமா என்று தேடி விற்றவரின் யார்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. மறுபடி போன அன்று, ஒரு கேபினின் கதவோரத்தில் பச்சை பெயின்டைச் சுரண்டியபோது தகடு தெரிந்தது. எண்ணும் வருடமும் தெளிவாக இருந்தன. மற்றதிலும் அதே இடத்தில்! அங்கேயே நின்று படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பினேன்.

அதன்பின் எரிசக்தி மதிப்பீட்டாளர் வந்து கணக்குப் போட்டார். எல்இடி விளக்கு, ஹீட்டருக்கு டைமரும் தெர்மோஸ்டாட்டும் போட்டதும் இலக்குக்குள் வந்துவிட்டோம். இபிசியும் கைக்கு வந்தது, பத்து வருடம் செல்லும். மதிப்பீட்டாளரின் கட்டணத்தில் பாதியை விற்றவரிடம் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறோம். மனிதர் இன்னும் வாயே திறக்கவில்லை.