முதலாம் ஆண்டு வகுப்புக்கு யாரை அனுப்புகிறோம்?

கல்லூரி நிர்வாகம் இரண்டு எண்களைப் பார்த்து மகிழ்கிறது. ஒன்று ஜூன் மாதச் சேர்க்கை. மற்றொன்று மூன்றாண்டு கழித்து வரும் தேர்ச்சி விழுக்காடு. இடையில் காணாமல் போனவர்களின் கணக்கை யாரும் கேட்பதில்லை. 60 பேர் சேர்ந்த வகுப்பில் 45 பேர் இறுதித் தேர்வு எழுதி 40 பேர் தேறினால், 45-க்கு 40 என்றுதான் விழுக்காடு போடுகிறோம். மீதி 15 பேர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மைக் கோடுகளாக நின்றுவிடுகிறார்கள். வேலூர் வட்டாரத்தில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்து, துணை முதல்வராகவும் முதல்வராகவும் இருந்து ஓய்வு பெற்றேன். அந்தச் சிவப்புக் கோடுகளைப் பற்றியும், அவை விழாமல் தடுக்கக்கூடிய ஆசிரியர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பழைய வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. எல்லைகள் மாறினாலும் பிள்ளைகள் வரும் வழி மாறவில்லை. ஆம்பூர், பச்சகுப்பம், மேல்பட்டி, குடியாத்தம் பக்கத்தவர்கள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்தவர்களுக்கு பஸ். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற ஜவ்வாது மலைக் கிராமத்துப் பிள்ளைகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை எங்களிடமிருந்து இழுப்பது விடியற்காலையில் ஊர் முனையில் வந்து நிற்கும் ஷூ கம்பெனி வேன்தான். அதில் ஏறினால் அந்த மாதமே சம்பளம். பேரணாம்பட்டு, குடியாத்தம் வீடுகளில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இரவு வெகுநேரம் அம்மாவோடு உட்கார்ந்து இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் பெண்கள் எங்களிடம் படித்தார்கள். மாசி, பங்குனியில் மலையில் புளி உலுக்கும் காலம் வந்தால் விடுதி அறைகள் காலியாகும். போனவர்களில் சிலர் திரும்புவதில்லை.

மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் விண்ணப்பத்தில் எல்லோரும் "குடும்பச் சூழ்நிலை" என்றே எழுதுவார்கள். அது பொய் இல்லை. ஆனால் அதே சூழ்நிலையில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்து முடித்துவிடுகிறதே, அது எப்படி என்று கேட்டுப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். எங்கள் கல்லூரியில் முதல் பாடவேளை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு பாசஞ்சர் ரயில் நடுவில் நின்றுவிட்டால் காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து வருவதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். முதல் வேளை இல்லையென்றால் அரை நாள் இல்லை. இப்படி அரை அரை நாளாகக் கழிந்து, செமஸ்டர் முடிவில் 75 விழுக்காடு வருகை இருக்காது. வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கண்டோனேஷன் கட்டணத்தைக் கட்டினால் தேர்வு எழுதலாம்; அதற்கும் கீழே போயிருந்தால் எழுதவே முடியாது. அந்தக் கட்டணத்துக்கான அறிவிப்பும் தேர்வுக் கட்டண அறிவிப்பும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பலகையில் ஒட்டப்படும். இரண்டுக்கும் சேர்த்து வீட்டில் பணம் கேட்கத் தயங்கும் பையன், அந்த வாரத்திலிருந்து வரமாட்டான். அவன் படிப்பு நின்றதற்குக் காரணம் ரயில் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

நேரத்தை அரை மணி தள்ளிப் போடலாம் என்று நான் சொன்னபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. மாலையில் வீடு திரும்பத் தாமதமாகும் என்றார்கள் ஆசிரியர்கள். கல்லூரி பஸ்ஸின் நடைகள் குழம்பும் என்றது நிர்வாகம். முதலாம் ஆண்டுக்கு மட்டும், ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று பேசி முடித்தோம். அந்த ஆண்டு முதலாம் ஆண்டு மாணவர்களின் கண்டோனேஷன் பட்டியல் ஒரே பக்கத்தில் முடிந்தது. அதன் பிறகு பழைய நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, இடைநிற்றல் பற்றிப் படிக்கிற எல்லோர் கைக்கும் வரும். படிப்பிலும் பழக்கத்திலும் ஒரு மாணவன் கல்லூரியோடு எவ்வளவு ஒட்டுகிறானோ அவ்வளவுக்கு அங்கே நிலைத்திருப்பான் என்பது அதன் சாரம். அவர் மனத்தில் இருந்தவை அமெரிக்கக் கல்லூரிகள். பீடிக் கூலியையும் புளிக் காலத்தையும் அவர் எழுதவில்லை. ஆனால் ஒட்டுவது தொடக்கத்திலேயே நடக்க வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பிவிட்டவன் பெரும்பாலும் பட்டம் வாங்கிவிடுவான். அதற்கு முன்பே நழுவுகிறவர்களைத்தான் நாம் இழக்கிறோம்.

அந்த முதல் சில மாதங்களில் அவர்களுக்கு முன்னால் யாரை நிறுத்துகிறோம்? பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பது இதுதான். மூத்த பேராசிரியர்கள் மூன்றாம் ஆண்டையும் முதுகலையையும் எடுத்துக்கொள்வார்கள். தேர்ச்சி விழுக்காடு அங்கேதான் தெரியும். படித்து வடிகட்டி வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் இன்பம். முதலாம் ஆண்டு, நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குப் போகும். அவர் அரசு சம்பளம் இல்லாமல் நிர்வாகமே நடத்தும் சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்தில் இருப்பவர். அரசு ஆசிரியர் வேலைக்கான டிஆர்பி தேர்வுக்கோ, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான செட் தேர்வுக்கோ படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர். டிசம்பரில் வேறு இடம் கிடைத்தால் போய்விடுவார். ஓர் ஆண்டுக்குள் ஒரே பாடத்துக்கு மூன்று ஆசிரியர்களைப் பார்த்த வகுப்புகள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொள்ளும் முன்பே ஆசிரியர் மாறிவிடுவார். நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த ஆசிரியர் முதலாம் ஆண்டு வகுப்பில்தான் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துறைத்தலைவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது வணிகவியல் துறையின் மூத்த பேராசிரியை எழுந்து, "இத்தனை வருடம் கழித்து மறுபடியும் அ, ஆவிலிருந்தா சார்?" என்று கேட்டார். கோபம் நியாயமானதுதான், பணிமூப்புக்குக் கிடைத்த மரியாதையைப் பறிப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கும். அவரைத் தனியே பார்த்து, வாரத்துக்கு நான்கு வேளை மட்டும் போதும், அதற்கு ஈடாக மதிப்பீட்டுக் குழுவின் கோப்பு வேலை முழுவதையும் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அதுவே அவரைச் சம்மதிக்க வைத்தது. அனுபவம் உள்ள ஆசிரியர்களின் ஊக்கத்தைத் தின்பது வகுப்பறை இல்லை, கோப்புகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் நடத்திய வகுப்பைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வாரம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வீட்டில் கணக்கு எழுதும் நோட்டு எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மளிகைக் கடையின் கடன் நோட்டு வந்தது. அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுப் புத்தகம் வந்தது. தறிக்காரர் வீட்டிலிருந்து நூல் வாங்கியதும் லுங்கி கொடுத்ததும் எழுதிய நீள நோட்டு ஒன்று, எண்ணெய்க் கறையோடு வந்தது. அந்தத் தறி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முதல் பக்கத்தில் இருந்த வரிகளையே கரும்பலகையில் குறிப்பேட்டுப் பதிவுகளாக எழுதினார். நூல் வந்தது எந்தப் பக்கம், பாக்கி நிற்பது யார் கணக்கில் என்று கேட்கக் கேட்க, நோட்டின் சொந்தக்காரப் பையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னான். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைக் கண்டு ஒடுங்கியிருந்த வகுப்பு அது. அடுத்த வாரம் பாடநூல் திறந்தபோது அதில் இருந்த கணக்கு அவர்களுக்குப் புதிதாக இல்லை.

ஆசிரியர் மேம்பாடு என்ற பெயரில் நாங்கள் முன்பு செய்துவந்தது வேறு. வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, அரங்கத்தில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு நாள் பேசவிடுவோம். வந்தவருக்கு அணைக்கட்டும் தெரியாது, ஆம்பூரும் தெரியாது. பல்கலைக்கழகங்கள் நடத்தும் புத்தொளிப் பயிற்சிகளைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பாட அறிவைப் புதுப்பிக்க அவை வேண்டும், பதவி உயர்வுக்கும் வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் ஒருவர் அருமையாக நடத்துவதை அடுத்த அறைக்காரர் பார்த்ததே இல்லை என்றால், அந்தக் கல்லூரிக்கு முதலில் தேவை ஒரு கதவைத் திறந்துவிடுவதுதான். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரும் ஏற்பாட்டைச் செய்தோம். குறிப்பு எதையும் என்னிடம் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல்வருக்கு அறிக்கை போகிறது என்று தெரிந்தால் அது அன்றோடு ஆய்வாகிவிடும், கற்றுக்கொள்வது நின்றுவிடும்.

தொலைபேசியில் பேசுவதற்கும் பயிற்சி தேவைப்பட்டது. மூன்று நாள் வராத மாணவன் வீட்டுக்கு வகுப்பு ஆசிரியர் பேச வேண்டும் என்று வைத்திருந்தோம். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த அழைப்பே சில பெண்களின் படிப்பை நிறுத்திவிடும். "உங்கள் பெண் மூன்று நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை" என்று அப்பாவிடம் சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி வேறாக இருக்கும். அந்தப் பெண் உறவுக்காரர் மருத்துவமனையில் இருந்ததால் துணைக்குப் போயிருப்பாள், அல்லது பஸ்ஸுக்குக் காசில்லாமல் தோழி வீட்டில் இருந்திருப்பாள். விளக்கம் கேட்கும் முன் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் பெண் ஆசிரியர்தான் பேச வேண்டும், அம்மாவிடமோ ஆயாவிடமோதான் பேச வேண்டும், "உடம்பு சரியில்லையா அம்மா?" என்று தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் இளம் விரிவுரையாளர். சுயநிதிப் பிரிவில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவர் அவர்.

அலுவலகக் கவுன்டரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில். ஒரு மாதப் பயணச் செலவையும் தேர்வுக் கட்டணத்தின் ஒரு பகுதியையும் தாங்கக்கூடிய தொகை அது. ஆனால் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காவிட்டால் பணம் வராது. அதைக் கேட்க வரும் பிள்ளையைக் கவுன்டரில் "நாளைக்கு வா" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாம் முறை வராது. அலுவலகப் பணியாளர்களை அதுவரை எந்தப் பயிற்சிக்கும் நாங்கள் அழைத்ததில்லை. அழைத்த பிறகு, உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் தாமாகவே ஒரு நோட்டுப் போட்டு, பணம் வராதவர்களின் பெயரை எழுதி, அவர்களை வங்கிக்கு எப்போது போக வேண்டும் என்று கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார். எத்தனையோ ஆசிரியர்களைவிட அவர் அதிகம் பேரைக் கல்லூரியில் நிறுத்தி வைத்தார் என்றே சொல்வேன்.

எல்லாம் செய்தும் போகிறவர்கள் போவார்கள். அவர்களைத் திட்டி அனுப்பக் கூடாது. ஷூ கம்பெனியில் ஓராண்டு வேலை பார்த்து, தங்கையின் திருமணக் கடனை அடைத்துவிட்டு மறுசேர்க்கைக்கு வந்தவர்கள் உண்டு. போகும்போது யாராவது ஓர் ஆசிரியர் "எப்போது வேண்டுமானாலும் வா" என்று சொல்லி அனுப்பியவர்கள்தான் அப்படித் திரும்பி வந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு ஊக்கம் தருவது எப்படி என்று இப்போதும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். விருது, பாராட்டு விழா எல்லாம் இருக்கட்டும். ஒரே ஓய்வறையில் அமர்ந்து ஒரே பாடத்தை நடத்தும் உதவிபெறும் பிரிவு ஆசிரியருக்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கும் தனித்தனி வருகைப் பதிவேடு வைத்திருந்தோம். அதை ஒன்றாக்கியபோது இளையவர்கள் முகத்தில் கண்ட மலர்ச்சியை எந்த விழாவிலும் நான் கண்டதில்லை. செட் தேர்வுக்கும் டிஆர்பி தேர்வுக்கும் போகும் நாளில் சம்பளம் பிடிப்பதை நிறுத்தினோம். ஆனால் பெரிய விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. பல கல்லூரிகள் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்கு மே மாதம் சம்பளம் தருவதில்லை. வகுப்பு இல்லையே என்பது காரணம். அந்த ஒரு மாதத்தில்தான் அவர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். ஜூன் மாதம் முதலாம் ஆண்டு வகுப்பில் மறுபடியும் புது முகம் நிற்கிறது. எங்கள் நிர்வாகம் பல கூட்டங்களுக்குப் பிறகு பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது. முழுச் சம்பளமாகத் தர வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த கோரிக்கை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இருக்கிறது. அதற்காகப் பேச, ஓய்வு பெற்ற பிறகும் நேரில் போகிறேன்.