இடி கேட்காத மின்னல்: கேமராவில் பிடித்ததும் தூரம் கணித்ததும்

கோடை இரவில் அடிவானத்தில் ஓசையின்றிப் பளிச்சிடுவது தனி வகை மின்னல் அல்ல. தொலைதூர இடிமழையின் மின்னல்தான். இடியோசை சாதாரணமாக 15 கிலோமீட்டர், மிஞ்சினால் 25 கிலோமீட்டர் வரைதான் கேட்கும். மேலே போகப் போகக் காற்று குளிர்வதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம்மைத் தாண்டிவிடும். வெளிச்சமோ உயர்ந்த மேகத்தில் பட்டு 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும்.

முக்காலியில் கேமரா, மேனுவல் ஃபோகஸ். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, சின்னப் புள்ளியாகச் சுருங்கும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பி வைத்தால் பெரும்பாலும் மங்கல்தான். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/4, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 15 விநாடி என்று தொடங்கி, இடைவெளியின்றி எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

படத்தில் மேகம் வெளிறிப்போனால் ஷட்டர் நேரத்தைக் குறைக்கத்தான் முதலில் கை போகும். அது பலன் தராது. ஒரு மின்னல் வெட்டு, நொடியில் சிறு பங்கே நீடிக்கிறது; ஷட்டர் 5 விநாடி திறந்திருந்தாலும் 20 விநாடி திறந்திருந்தாலும் அந்த வெட்டின் ஒளி அதே அளவுதான். அப்பர்ச்சரைச் சுருக்கவோ ஐஎஸ்ஓவைக் குறைக்கவோ வேண்டும். பின்னணி வானம் வெளுத்தாலோ, ஒரே படத்தில் பல வெட்டுகள் குவிந்தாலோ மட்டும் ஷட்டரைத் தொடலாம். நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளிகளை நீக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தே ஆக வேண்டும்: ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரம் கேமரா முடங்கிக் கிடக்கும், பாதி மின்னல் போச்சு.

பக்கத்தில் ஏஎம் ரேடியோவை நிலையம் இல்லாத அலைவரிசையில் வைத்தால் பளிச்சிடும் அதே கணத்தில் ‘கரக்’ என்று வெடிக்கும். இடைவிடாத இரைச்சல் வந்தால் அது மின்னல் இல்லை, அருகிலுள்ள சார்ஜர் அல்லது எல்இடி விளக்கு.

தூரம்: மேக உச்சி அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்று கையை நீட்டி அளந்தோம். சுண்டுவிரல் அகலம் 1 பாகை, நடு மூன்று விரல்கள் 5, மூடிய முட்டி 10. உச்சி 12 கிலோமீட்டர் உயரம் என்று கொண்டு, பூமியின் வளைவையும் கழித்தால் 13 பாகைக்கு 50 கிலோமீட்டர், ஆறரைக்கு 100, இரண்டரைக்கு 200. பலவீனம் அந்த 12-இல்தான். உச்சி 16 கிலோமீட்டர் என்றால் ஆறரைப் பாகை மேகம் 130 கிலோமீட்டரில் இருக்கும்.

இதைத் தவிர்க்க, 20 கிலோமீட்டர் இடைவெளியில் இருவர் நின்று, ஒரே வெட்டின் திசையைக் காம்பஸில் குறிப்பது அடுத்த கட்டம். மேகம் அந்த இருவருக்கும் நேர் எதிரே 100 கிலோமீட்டரில் இருந்தால் இரு திசைகளுக்கும் 11 பாகை வித்தியாசம் வரும். 1 பாகை பிசகினால் தூரம் 9 கிலோமீட்டர் தவறும். இடியோசை காதில் விழுந்த உடனே முக்காலியை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.