கசுகாபே: ஆறு விட்டுப்போன பள்ளம்

ஜப்பானில், டோக்கியோவின் அசாகுசாவில் டோபு என்ற தனியார் நிறுவனத்தின் ரயில் ஏறுகிற வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் ஆலய நகரான நிக்கோவுக்குப் போகிறவர்கள். வழியில் சுமார் 35 கிலோமீட்டரில் வரும் கசுகாபேயில் இறங்குகிறவர்கள் குறைவு. எனக்கு இந்த ஊரைப் பார்க்கத்தான் ஆசை.

எடோ காலத்தில் (1603–1868) நிக்கோ நெடுஞ்சாலையில் நான்காவது தங்கல் ஊர் இது. நிக்கோ தோஷோகு ஆலயத்தைக் கட்டிய தச்சர்களில் சிலர் இங்கே தங்கி, அக்கம்பக்கத்தில் வளர்ந்த கிரி என்ற இலேசான மரத்தில் பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தத் தொழில் இன்னும் இருக்கிறது. ஒரு கடையில் கிரி அலமாரி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மேல் இழுப்பறையை மெல்ல உள்ளே தள்ளினால், காற்றழுத்தத்தில் கீழ் இழுப்பறை தானாக வெளியே வருகிறது. அவ்வளவு கச்சிதமான இழைப்பு!

அப்புறம் ஆற்றங்கரைக்குப் போனேன். கசுகாபேயைப் புரிந்துகொள்ள அங்கேதான் நிற்க வேண்டும். மேற்கே ஓமியா மேட்டுநிலம், கிழக்கே ஷிமோசா மேட்டுநிலம். நடுவில் தாம்பாளம் போலத் தாழ்ந்த பூமி. ஒரு காலத்தில் டோனே ஆறு இந்தப் பக்கமாகத்தான் டோக்கியோ விரிகுடாவுக்கு ஓடியது. 1594-இல் தொடங்கி 1654 வரை, தொக்குகாவா வம்ச ஆட்சியில் படிப்படியாக அதைக் கிழக்கே திருப்பி, சோஷி அருகே பசிபிக் கடலில் சேர்த்தார்கள். பழைய தடத்தில் இப்போது ஓடுவது ஓதோஷி ஃபுருதோனே என்ற சாதுவான ஆறு. ஊரின் கிழக்கு ஓரத்தில் ஓடும் எடோ ஆறுகூட, இந்தப் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் வெட்டியதுதான்.

ஆற்றைத் திருப்பினார்கள், சரி. பள்ளத்தை என்ன செய்வது? நிலத்தில் சரிவே இல்லாததால் மழைநீர் வடிய நாளாகும். வயல்கள் இருந்தவரை அவை தண்ணீரைத் தாங்கின. 1960-களிலிருந்து தாக்கேசாத்தோ போன்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் வயல்களின் மேல் எழுந்தபோது, தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது.

அதற்கான பதில் மண்ணுக்கடியில் இருக்கிறது. 1992-இல் தொடங்கி 2006-இல் முடிந்த வெள்ளநீர்ச் சுரங்கம் அது. சிறிய ஆறுகள் நிரம்பினால், உபரிநீர் பிரம்மாண்டமான கிணறுகளில் விழுந்து, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் ஓடி, ஒரு தொட்டிக்கு வந்து, பம்புகள் வழியாக எடோ ஆற்றில் சேர்கிறது. நொடிக்கு 200 கன மீட்டர் வரை வெளியேற்றலாம்.

நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி அந்தத் தொட்டிக்குள் நின்றேன். நீளம் 177 மீட்டர், அகலம் 78 மீட்டர். 18 மீட்டர் உயரத்தில் 59 தூண்கள், ஒவ்வொன்றும் 500 டன். கூரையைத் தாங்க மட்டும் இவ்வளவு கனம் என்று நினைத்துவிடக் கூடாது. காலியான தொட்டியைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிக்கத்தான் இந்த எடை. தரையில் ஈரமும் சேற்றுப் படலமும் இருந்தன. தலைக்கு மேலே கால்பந்து மைதானம்!

போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பு விளக்கம் ஜப்பானிய மொழியில் என்பதால், அது தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது. பக்கத்து ரயில் நிலையம் மினாமி-சகுராய். தொட்டியைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் எடோ ஆற்றின் கரைமேல் ஏறி ஊர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். வீடுகள் எவ்வளவு தாழ்வில் இருக்கின்றன என்பது அங்கிருந்துதான் தெரியும்.